மிச்ச நூலில் பூப்பின்னல்: வாசகர் கேள்வி–பதில்

கொக்கி ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகப் பின்னும் குரோஷா பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வேலை முடிந்த பிறகு பையின் அடியில் தங்கிவிடும் சிறு நூல் உருண்டைகளை என்ன செய்வது என்றே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழில் அவற்றைக்கொண்டு அலங்காரப் பூக்கள் பின்னுவது தொடர்பான கேள்விகளுக்கு மட்டும் விடையளிக்கிறோம்.

கேள்வி: ஸ்வெட்டர் பின்னி மிஞ்சியது, மேசை விரிப்பில் மிஞ்சியது, பிள்ளைகளின் பள்ளிக் கைவேலைக்கு வாங்கியதில் மிஞ்சியது என்று இரண்டு பை நிறைய நூல் சேர்ந்துவிட்டது. எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பையைத் தரையில் கொட்டியதும் கை தானாக நிறத்தை நாடிப் போகும், சிவப்பை ஒரு பக்கமும் மஞ்சளை ஒரு பக்கமும் குவிக்கத் தொடங்கிவிடுவோம். அப்படிச் செய்யாமல் முதலில் நூலின் வகை, அடுத்து பருமன், அதற்கடுத்து நீளம் என்ற வரிசையில் பிரியுங்கள். நிறத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும். எந்தப் பூவைப் பின்னலாம் என்பதைக் கையிலிருக்கும் துண்டுதான் முடிவு செய்ய வேண்டுமே ஒழிய, பார்த்து ஆசைப்பட்ட படம் அல்ல.

நம் கடைகளில் உல்லன் என்று கேட்டால் கொடுப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் நூலே. உண்மையான கம்பளி, அக்ரிலிக், பருத்தி மூன்றையும் தொட்டுப் பார்த்து ஓரளவு பிரிக்கலாம். ஐயம் வந்தால் விரல்நீளத் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, கீழே எவர்சில்வர் தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, நுனியில் நெருப்பைக் காட்டிப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். கம்பளி மயிர் கருகும் நாற்றத்தைத் தந்து, நெருப்பை எடுத்ததும் தானே அணைந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியை விட்டுச்செல்லும். அக்ரிலிக் உருகி எரிந்து, ஆறிய பின் உடைக்க முடியாத கரிய மணியாக இறுகிவிடும். பிள்ளைகள் அருகில் இல்லாத வேளையில் இதைச் செய்யுங்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று தோன்றலாம். கம்பளி இதழும் பருத்தி நடுவட்டமும் கொண்ட பூ பின்னி முடித்த அன்று அழகாகவே இருக்கும். வெந்நீரில் ஒருமுறை அலசியதும் கம்பளி சுருங்கித் தடித்துப்போக, பருத்தி அப்படியே நிற்க, இதழ்கள் கோணலாக இழுத்துக்கொள்ளும். ஒரு பூவுக்குள் ஒரே வகை நூல் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பருமனில் அந்தக் கண்டிப்பு வேண்டியதில்லை: 4 பிளை (பிளை என்பது நூலின் பருமனைக் குறிக்கும் அளவு) நூல் இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் ஏறத்தாழ 8 பிளை நூலின் பருமன் கிடைத்துவிடும், வெவ்வேறு நிறத்தில் இரண்டைச் சேர்த்தால் இதழில் ஒரு புள்ளிக் கலவையும் வரும்.

நீளத்துக்கு அளவுகோல் தேவையில்லை. பூவை முழம் போட்டு வாங்கிப் பழகியவர்கள் நாம். இரு கைகளையும் விரித்த ஒரு மார் நீளம் இருந்தால் பூவின் நடுவட்டம் தாராளமாக வரும். முழத்துக்குக் குறைந்தவற்றை மகரந்தத் தண்டுக்கும், மொட்டுக்குள் அடைக்கவும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பல மார் நீளமுள்ளவை மட்டுமே இதழுக்கு உரியவை.

கேள்வி: நான்காவது இதழில் நூல் தீர்ந்துவிடுகிறது. ஒரு பூவுக்கு எவ்வளவு நூல் வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இத்தனை அடி என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது, நூலின் பருமன், ஊசியின் அளவு, உங்கள் கையின் இறுக்கம் ஆகிய மூன்றும் அதை மாற்றிவிடும். ஆனால் உங்கள் கைக்குரிய கணக்கை நீங்களே கண்டுகொள்ளலாம். அதே நூலில் ஒரே ஓர் இதழைப் பின்னி, தொடங்கிய இடத்திலும் முடிந்த இடத்திலும் நூலில் ஒரு சிறு அடையாளம் இட்டு, அவிழ்த்து அளந்து, இதழ்களின் எண்ணிக்கையால் பெருக்கி, முனைகளை ஒளிப்பதற்காக இரு பக்கமும் 15 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். சமையலறை எடைத்தராசில் ஒற்றைப் பூவை நிறுத்துப் பயனில்லை. பத்துப் பூக்களைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுத்தால் ஓரளவு நம்பத்தக்க எண் கிடைக்கும். அதை வைத்து, மிச்ச உருண்டையில் எத்தனை பூ வரும் என்று எடை பார்த்தே சொல்லிவிடலாம்.

நூல் போதாது என்று கணக்கிலேயே தெரிந்துவிட்டால், இதழின் டபுள் குரோஷாக்களை (ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிப் பின்னும் உயரமான கண்ணிகளை), அதைவிடச் சற்றுக் குட்டையான ஹாஃப் டபுளாக மாற்றிக்கொள்ளுங்கள். பூ சிறுக்கும், ஆனால் ஐந்து இதழும் ஒரே அளவில் இருக்கும். சுற்றுக்குச் சுற்று நிறம் மாறுவதைக் கண் ஏற்றுக்கொள்ளும். ஓர் இதழின் நடுவே நிறம் மாறினால், நூல் தீர்ந்துபோன கதையை அந்தப் பூ எல்லோரிடமும் சொல்லிவிடும்.

கேள்வி: சங்கிலியும் சிங்கிளும் டபுளும் தெரியும், பூ மட்டும் இதுவரை பின்னியதில்லை. எளிய பூ ஒன்றின் செய்முறையைத் தர வேண்டுகிறேன்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஐந்திதழ்ப் பூவே முதலில் கற்க ஏற்றது. 4 மில்லிமீட்டர் ஊசி பொருந்தும் என்று நூலின் தாளில் அச்சிட்டிருந்தால், நீங்கள் 3 அல்லது 3.5 மில்லிமீட்டர் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் உள்ள அளவு உடுப்புக்குரியது. உடுப்பு துவள வேண்டும், பூ நிமிர்ந்து நிற்க வேண்டும்.

நூலை விரலில் சுற்றி, இழுத்தால் இறுகும் வளையம் ஒன்றை அமையுங்கள். மேஜிக் ரிங் என்று சொல்வது இதைத்தான். அது கைவராவிட்டால் நான்கு சங்கிலி போட்டு இணைத்துக்கொள்ளலாம். நடுவில் சிறு துளை தெரியும், அவ்வளவே. வளையத்துக்குள் 10 சிங்கிள் போட்டு, முதல் கண்ணியில் ஸ்லிப் ஸ்டிட்ச் (உயரமில்லாத இணைப்புக் கண்ணி) இட்டு, வளையத்தை இழுத்து மூடுங்கள். நடுவட்டத்துக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் இங்கே நூலை மாற்ற வேண்டும்.

அடுத்த சுற்றில், முதல் கண்ணியில் நூலைப் பொருத்தி 2 சங்கிலி போட்டு, அதே கண்ணிக்குள் 3 டபுள் பின்னி, மீண்டும் 2 சங்கிலி போட்டு, அதே கண்ணியில் ஸ்லிப் ஸ்டிட்ச் இட்டு முடித்தால் ஓர் இதழ் ஆயிற்று. அடுத்த கண்ணியில் ஸ்லிப் ஸ்டிட்ச் மட்டும் இட்டு, அதற்கடுத்த கண்ணிக்கு இன்னொரு ஸ்லிப் ஸ்டிட்ச்சால் நகர்ந்து இரண்டாம் இதழைத் தொடங்குங்கள். இப்படி ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணியில் பின்னிச் சென்றால் 10 கண்ணிகளில் ஐந்து இதழ்கள் முடியும்.

வெள்ளை நூலில் பின்னினால் இது ஓரடுக்கு நந்தியாவட்டை. முழநீளத் துண்டுகளை விட சற்றே பெரிய துண்டுகள் உங்களிடம் குவிந்திருந்தால் இட்லிப்பூவைப் பின்னிப் பாருங்கள். அதற்கு நடுவட்டமே வேண்டாம். வளையத்துக்குள் நேராக 2 சங்கிலி, 1 டபுள், 2 சங்கிலி, 1 ஸ்லிப் ஸ்டிட்ச் என்பதை நான்கு முறை போட்டால் முடிந்துவிடும். தனிப்பூவாகப் பார்க்கும்போது ஒன்றுமில்லாதது போலிருக்கும். சிவப்பிலும் ஆரஞ்சிலும் கிடக்கும் துண்டுகளை எல்லாம் அப்படிப் பின்னி நெருக்கமாகத் தைத்தால்தான் கொத்தின் அழகு தெரியும். வெள்ளை இதழுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் நான்கைந்து சங்கிலிகளைக் காம்பாக இறக்கினால் பவளமல்லி. ஆனால் பவளமல்லிக்கு இதழ் குறுகலாக இருக்க வேண்டும் என்பதால் 3 டபுளுக்குப் பதில் 1 டபுள் போதும், இதழ்களும் ஆறோ ஏழோ இருக்கட்டும்.

கேள்வி: நான் பின்னும் பூ சில நேரம் கிண்ணம் போல் குவிந்துகொள்கிறது, சில நேரம் அப்பளம் போல் நெளிகிறது. தட்டையாக வருவதேயில்லை. என் கையில்தான் கோளாறா?
– வாசகி, மதுரை

பதில்: கையில் கோளாறு இல்லை, எண்ணிக்கையில்தான். வட்டமாகப் பின்னும்போது ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றை விட ஒரு குறிப்பிட்ட அளவு நீண்டாக வேண்டும். வட்டத்தின் ஆரம் ஒரு பங்கு கூடினால் சுற்றளவு ஆறு பங்குக்குச் சற்று மேல் கூடும் என்று பள்ளியில் படித்திருப்போம். சிங்கிள் குரோஷாவின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம் என்பதால், சுற்றுக்கு 6 கண்ணிகள் கூட வேண்டும். டபுள் அதைப் போல் இரு மடங்கு உயரம், அதனால் 12. இடைப்பட்ட ஹாஃப் டபுளுக்கு 8 முதல் 10 வரை. இதை விடக் குறைத்துப் போட்டால் ஓரம் உள்ளிழுத்துக் குவியும். கூட்டிப் போட்டால் இடம் போதாமல் ஓரம் நெளியும்.

நெளிவை எப்போதும் குறையாகக் கருதிவிட வேண்டாம். லாத்வியாவில் பிறந்த கணித அறிஞர் டைனா டைமினா, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1997-இல் மாணவர்களுக்கு ஹைபர்போலிக் தளம் என்னும் வளைந்த பரப்பை விளக்க, கண்ணிகளைச் சீரான விகிதத்தில் கூட்டிக்கொண்டே போன குரோஷா மாதிரிகளைத்தான் பின்னினார். காகிதத்தில் செய்த மாதிரிகள் கிழிந்துபோயின. பின்னியவையோ வகுப்பில் கைமாறிக் கைமாறிப் போயும் நிலைத்தன. அதே உத்தியை எடுத்துக்கொண்டு மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டீன் வெர்தைம் என்னும் சகோதரியர் 2005-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பவளப்பாறைகளைக் குரோஷாவில் பின்னும் திட்டத்தைத் தொடங்கினர். கம்பளி நூல் மட்டுமின்றிக் கிழித்த பிளாஸ்டிக் பைகளும் அதில் பின்னலாயின.

நம் தோட்டத்தில் அந்த வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் கோழிக்கொண்டைப் பூவைப் பாருங்கள். 11 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாம் சங்கிலியில் தொடங்கி 10 சிங்கிள் பின்னுங்கள். அடுத்த வரிசையில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு. அதற்கடுத்த வரிசையிலும் அப்படியே. 10, 20, 40, 80, 160 என்று ஏறும்போது ஓரம் தானாக மடிந்து கொண்டையாகிவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கடைசி வரிசையின் 160 கண்ணிகள், அதற்கு முன் பின்னிய அத்தனை வரிசைகளும் சேர்ந்த 150-ஐ விட அதிகம். ஆதலால் உங்களிடம் இருப்பதிலேயே பெரிய உருண்டையைக் கடைசி வரிசைக்கு ஒதுக்கிவிட்டு, சிறு துண்டுகளை உள்வரிசைகளில் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: காணொளியில் காட்டியபடி பின்னினால் ஒரு பூ சரியாக வருகிறது, இன்னொன்றில் இதழ் இரு மடங்கு உயர்ந்துவிடுகிறது. ஏன்?
– வாசகி, சேலம்

பதில்: அமெரிக்க முறையில் சிங்கிள் எனப்படுவது பிரிட்டிஷ் முறையில் டபுள்; அமெரிக்க டபுள், பிரிட்டிஷ் டிரெபிள். செய்முறையில் சிங்கிள் என்ற சொல் எங்காவது வந்தால் அது அமெரிக்க முறை என்று கொள்ளுங்கள், ஏனெனில் பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரில் பின்னல் இல்லை. இந்தப் பக்கத்தில் நாம் கையாள்வதும் அமெரிக்க முறையே.

கேள்வி: எனக்கு இடக்கைப் பழக்கம். பூப் பின்ன இயலுமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: தாராளமாக இயலும். எழுத்தில் உள்ள செய்முறை உங்களுக்கும் அப்படியே பொருந்தும். பூ எதிர்த்திசையில் சுற்றும், யாருக்கும் வேறுபாடு தெரியாது. காணொளியைப் பார்த்துக் கற்பதானால், திரையை எதிரே உள்ள கண்ணாடியில் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பாட்டி பின்னிய பழைய விரிப்பு ஒன்றில் மூன்றடுக்கு ரோஜாக்கள் எழும்பி நிற்கின்றன. ஓர் அடுக்கின் அடியிலிருந்து மறு அடுக்கு எப்படி வந்தது என்பதே புரியவில்லை. அது எங்கள் ஊர் லேஸ் வேலையா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: தங்கள் ஊர் லேஸ், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குக் கற்பித்தது; திண்டின் மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய பல சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. பாட்டியின் ரோஜா ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னிய ஐரிஷ் குரோஷா. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தபோது, அங்குள்ள கன்னிமாடங்களும் உதவி அமைப்புகளும் ஏழைக் குடும்பங்களுக்கு இந்தப் பின்னலைக் கற்றுக்கொடுத்து வருவாய்க்கு வழிசெய்தன. பூவையும் இலையையும் தனித்தனியே பின்னிவைத்துப் பிறகு வலைப்பின்னலால் இணைப்பது அதன் முறை. குடும்பத்தில் ஆளுக்கு ஒரு பூ என்று பிரித்துக்கொள்ள முடிந்ததும் அதனால்தான். துண்டு நூல் வைத்திருப்போருக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை என்பது என் கருத்து. அடுக்குக்கு ஒரு நிறம் என்று மூன்று மிச்சங்களை ஒரே பூவில் தீர்த்துவிடலாம்.

அடுக்கின் மர்மம் பின்பக்கத்தில் இருக்கிறது. விரிப்பைத் திருப்பிப் பார்த்தால் வளைவு வளைவாகச் சங்கிலிகள் தெரியும். வளையத்துக்குள் முதலில் 6 சங்கிலி போட்டு, பிறகு 1 டபுள், 3 சங்கிலி என்பதை ஐந்து முறை பின்னி, தொடக்கச் சங்கிலிகளில் மூன்றாவதில் இணைத்தால் ஆறு இடைவெளிகள் கிடைக்கும். ஒவ்வோர் இடைவெளியிலும் 1 சிங்கிள், 1 ஹாஃப் டபுள், 3 டபுள், 1 ஹாஃப் டபுள், 1 சிங்கிள் போட்டால் முதல் அடுக்கு முடியும்.

இப்போது இதழ்களை முன்பக்கமாக மடித்துப் பிடித்துக்கொண்டு, இதழுக்கும் இதழுக்கும் இடையே நிற்கும் முதல் சுற்றின் டபுள் தண்டைப் பின்னாலிருந்து சுற்றி ஒரு சிங்கிள் இட்டு, 5 சங்கிலி போட்டு, அடுத்த தண்டில் மீண்டும் சிங்கிள் இடுங்கள். இப்படி ஆறு வளைவுகள் இதழ்களின் முதுகில் அமையும். அந்த வளைவுகளில் அதே வரிசைப்படி, நடுவில் மட்டும் 3 டபுளுக்குப் பதில் 5 டபுள் போட்டு இரண்டாம் அடுக்கைப் பின்னுங்கள். மூன்றாம் அடுக்குக்கு 7 சங்கிலி வளைவும், 7 டபுளும். இம்முறை இரண்டாம் அடுக்கின் வளைவுகளைத் தாங்கிய சிங்கிள்களையே பின்னாலிருந்து பற்றிக்கொள்ள வேண்டும். சங்கிலிகள் முன்பக்கம் எட்டிப்பார்த்தால் வளைவு நீண்டுவிட்டது என்று பொருள். ஒரு சங்கிலியைக் குறைத்துப் போடுங்கள். பழைய ஐரிஷ் வேலைகளில் இதழின் ஓரம் புடைத்து நிற்பதற்கு, தடித்த நூல் ஒன்றைச் சேர்த்துப் பிடித்து அதன் மேலேயே பின்னிச் செல்வார்கள். உங்கள் முழத்துண்டுகளுக்கு அதுவும் ஒரு போக்கிடம்.

கேள்வி: நீளப் பட்டையாகப் பின்னிச் சுருட்டும் ரோஜா, சுருட்டியதும் தளர்ந்து விரிந்துவிடுகிறது.
– வாசகி, புதுச்சேரி

பதில்: எல்லா இதழையும் ஒரே அளவில் பின்னியிருப்பீர்கள். 41 சங்கிலி போட்டு, இரண்டாம் சங்கிலியிலிருந்து 40 சிங்கிள் பின்னித் திரும்புங்கள். அடுத்த வரிசையில் ஒரு கண்ணி விட்டு, அடுத்த கண்ணியில் இதழ், ஒரு கண்ணி விட்டு, அடுத்ததில் ஸ்லிப் ஸ்டிட்ச் என்று பின்னினால் பத்து இதழ்கள் வரும். முதல் மூன்றை 4 ஹாஃப் டபுளாலும், நடு நான்கை 5 டபுளாலும், கடைசி மூன்றை 6 டிரெபிளாலும் (அமெரிக்க முறை டிரெபிள், டபுளைவிட உயரமானது) பின்னுங்கள். சிறிய இதழ்ப் பக்கத்திலிருந்து முதல் சுருளை மொட்டாக இறுக்கி, அங்கேயே அடியில் இரண்டு தையல் போட்டுவிட்டு, மேற்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் தைத்துக்கொண்டே சுருட்டுங்கள். முழுவதையும் சுருட்டிவிட்டுக் கடைசியில் தைப்பதுதான் தளர்வுக்குக் காரணம். பட்டையின் அடிவிளிம்பு சமதளமாக நிற்கட்டும்; அது ஏறி இறங்கினால் ரோஜா கூம்பிவிடும்.

கேள்வி: இதழ்கள் நிமிர்ந்து நிற்க அரிசிக் கஞ்சி போடலாமா, ஃபெவிகால் தடவலாமா? சிலர் சர்க்கரைப் பாகு என்கிறார்கள்.
– வாசகி, சென்னை

பதில்: பருத்தி நூற்பூவுக்கு வடித்த கஞ்சியே போதும். பருக்கை இல்லாமல் வடிகட்டி, தெளிவாக நீர்த்து, பூவை நனைத்துப் பிழிந்து, தெர்மாகோல் பலகையில் துருப்பிடிக்காத குண்டூசிகளால் ஒவ்வோர் இதழையும் விரித்துக் குத்தி நிழலில் காயவையுங்கள். துணியில் தைக்கப்போகும் பூவுக்கு இதுவே நல்லது, துவைத்தால் போய்விடும், மீண்டும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மழைக்காலத்தில் கஞ்சி ஈரத்தை இழுத்துத் துவளும். பூச்சியும் கரப்பானும் நாடி வரும். சட்டமிட்டு மாட்டும் பூவுக்கும் கிரீடம் போன்ற அலங்காரத்துக்கும் ஃபெவிகாலை அதே அளவு தண்ணீரில் கரைத்துப் பூவின் பின்பக்கத்தில் மட்டும் தூரிகையால் தடவுங்கள், காய்ந்ததும் நிறமற்றுப்போகும். சர்க்கரைப் பாகு குளிர்நாடுகளில் வழக்கத்தில் உள்ள பழைய முறைதான். நம் வீட்டு எறும்புகளை அறிந்தவர்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டார்கள்.

அக்ரிலிக் நூல் கஞ்சியைச் சரியாக ஏற்காது. அதற்கு இஸ்திரிப் பெட்டியின் நீராவியை இரண்டு விரற்கடை உயரத்திலிருந்து காட்டி, இதழை விரலால் நீவி, ஆறும்வரை அப்படியே விட்டால் வடிவம் படிந்துவிடும். பெட்டி நூலைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் அக்ரிலிக் இளகிப் பளபளத்துத் துவண்டுபோகும், பழைய நிலைக்கு அதைக் கொண்டுவர வழியில்லை.

கேள்வி: கம்பளி நூலில் பின்னிய பூக்களில் அடுத்த ஆண்டே துளை விழுகிறது.
– வாசகர், உதகமண்டலம்

பதில்: அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளியைத்தான், அக்ரிலிக்கை அது தீண்டாது. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்ட கம்பளியை அது மேலும் விரும்பும் என்பதால், பூக்களைக் குளிர்ந்த நீரில் மென்மையாக அலசி, நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஏற்கெனவே துளை விழுந்தவற்றை நல்ல நூலோடு சேர்த்து வைக்க வேண்டாம்.

கேள்வி: வெள்ளைத் தலையணை உறையில் சிவப்புப் பூக்களைத் தைத்தேன், துவைத்ததும் உறை இளஞ்சிவப்பாகிவிட்டது. கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்குமா?
– வாசகி, ஈரோடு

பதில்: ஆலையில் சாயமேற்றி வரும் நூலில் ஒட்டாமல் தங்கியிருக்கும் மிகைச் சாயத்தை உப்போ வினிகரோ நிலைநிறுத்தாது. தண்ணீர் தெளிவாகும்வரை அலசி வெளியேற்றுவதே வழி. இனிமேல், நூல் துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்; கறை விழுந்தால் அந்தச் சிவப்பை வாசல் தோரணத்துக்கு ஒதுக்கிவிடலாம்.

கேள்வி: தோரணம் என்றதும் கேட்கிறேன்: பின்னிய பூக்களைக் கோத்து வாசலில் கட்டினேன். சில மாதங்களில் நடுவில் தொய்ந்து, நிறமும் வெளுத்துவிட்டது.
– வாசகி, காரைக்குடி

பதில்: பூக்களைக் கோக்கவும் குரோஷாச் சங்கிலியையே பயன்படுத்தியிருப்பீர்கள். சங்கிலி நெகிழும் தன்மையுள்ளது. பூக்களின் எடையில் நாளடைவில் நீண்டுகொண்டே போகும். முறுக்கேறிய சணல் அல்லது நைலான் கயிற்றில் பூக்களைக் கோத்து, ஒவ்வொரு பூவையும் பின்புறம் ஒரு தையலால் கயிற்றோடு பிணைத்துவிடுங்கள். இல்லையெனில் எல்லாம் நடுவில் வந்து கூடும். வெயில் படும் வாசலுக்கு அக்ரிலிக் பூக்களைக் கட்டுங்கள், வெயிலைத் தாங்குவதில் பருத்தியும் கம்பளியும் அதற்கு ஈடாகாது. பருத்திப் பூக்களைக் கொலுப்படியின் ஓரத்துக்கும் பூஜை அறைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஆறு மாதப் பேத்திக்குப் பூவும் முத்தும் வைத்த தலைப்பட்டை பின்னுகிறேன். கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?
– பாட்டி ஒருவர், விருதுநகர்

பதில்: முத்து, பொத்தான், பாசி எதுவும் வேண்டாம், அம்மா. அந்த வயதில் கைக்கு வந்ததெல்லாம் வாய்க்குத்தான் போகும். தையல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் நூல் ஒருநாள் தேயும். நடுப்பொட்டையும் நூலிலேயே பின்னிவிடுங்கள். பின்பக்கத்து நூல் முனை நீண்டு தொங்கினால் பிஞ்சு விரலில் சுற்றி இறுக்கிவிடக்கூடும் என்பதால், பூவின் பின்புறத்தில் மெல்லிய பருத்தித் துணியை வட்டமாக வெட்டித் தைத்து மூடிவிடுங்கள். பட்டை இறுக்கமாக இருக்கக் கூடாது. குழந்தை உறங்கும்போது கட்டாயம் கழற்றிவிட வேண்டும். படம் எடுக்கும் வேளைக்கு அணிவித்தால் போதும்.

கேள்வி: ஒவ்வொரு பூவுக்கும் நான்கு நூல் முனைகள் மிஞ்சுகின்றன. முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டிவிட்டால் என்ன?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: வழுக்கும் தன்மையுள்ள அக்ரிலிக்கில் முடிச்சு நிற்காது, முன்பக்கம் புடைப்பும் தெரியும். முனையை மழுங்கிய ஊசியில் கோத்து, பின்புறக் கண்ணிகளுக்குள் ஒரு திசையில் செலுத்தி, திரும்பி எதிர்த்திசையில் செலுத்தி, மீண்டும் ஒருமுறை திரும்பிய பிறகு வெட்டுங்கள். திசை மாறுவதுதான் பிடிப்பு. புது நிறத்தைச் சேர்க்கும்போதே பழைய நூலின் முனையைக் கண்ணிகளின் மேல் கிடத்தி அதன் மீது பின்னிச் சென்றால் வேலை பாதியாகக் குறையும். மிச்ச நூல் வேலையில் நேரத்தை விழுங்குவது பின்னல் அல்ல, இந்த முனைகள்தான். இதற்குப் பொறுமையில்லாதவர்கள் ஒரே நிறத்தில் பின்னுவதே மேல்.

கேள்வி: தலைமுடி கிளிப்புகளில் வைக்கப் பூக்கள் வேண்டும் என்று கடைக்காரர் ஒருவர் கேட்கிறார். பூ ஒன்றுக்கு 10 ரூபாய் தருவாராம். நூல் மிச்சம்தானே என்று சம்மதிக்கத் தோன்றுகிறது.
– வாசகி, திருப்பூர்

பதில்: நூல் மிச்சமாக இருக்கலாம், உங்கள் நேரம் மிச்சமல்ல. பின்னுதல், முனை ஒளித்தல், விரித்துக் காயவைத்தல், கிளிப்பில் தைத்தல் எல்லாம் சேர்ந்து ஒரு பூவுக்கு 20 நிமிடம் ஆகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு மூன்று பூ, 30 ரூபாய் கூலி. உங்கள் ஊரில் பின்னலாடைப் பிரிவில் கைமடிக்கும் வேலைக்கு என்ன கூலி என்பதை நீங்களே அறிவீர்கள். அதோடு ஒப்பிட்டு விலை சொல்லுங்கள். குரோஷாவைப் போலத் தோன்றும் துணியை இயந்திரம் பின்னித் தள்ளும். கொக்கி ஊசியால் ஒவ்வொரு கண்ணியாக எழுப்பும் அடுக்குப் பூவை அது பின்னாது. விலை பேசும்போது இதைக் கடைக்காரரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

மிச்ச நூலில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடைக்காரர் அடுத்த முறை அதே நிறத்தில் ஐம்பது கேட்டால் உங்களிடம் இருக்காது. கடையில் அதே நிறத்தை வாங்கினாலும் சாயத் தொகுதி எண் மாறினால் சாயல் மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு பூவும் வெவ்வேறு நிறக் கலவையில்தான் இருக்கும் என்று முதலிலேயே சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். சுருள் ரோஜாவையும் ஐரிஷ் ரோஜாவையும் இந்த விலைக்குக் கொடுக்கவே வேண்டாம்; ஐந்திதழ்ப் பூவை மட்டும் கொடுங்கள், அதையும் நடுவட்டங்களை முதலில் மொத்தமாகப் பின்னி வைத்துக்கொண்டு, இதழ்களைப் பிறகு ஒரே மூச்சில் பின்னினால் நேரம் குறையும்.